பித்தளைக் குண்டின் கழுத்து

நான் போய் இறங்கும் இடத்தில் யாருக்கும் முகம் மலர்வதில்லை. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, வேலை அப்படி. கொழும்பில் ஏற்றிய எண்ணெய் கண்டிப் பக்கம் வந்து இறங்கும்போது அதே அளவு இருக்கிறதா, தண்ணீர் கலந்திருக்கிறதா, பெற்றோல் என்று வந்தது பெற்றோல்தானா என்று பார்த்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் தொழில். விற்றவருக்கும் நான் ஆளில்லை, வாங்கியவருக்கும் ஆளில்லை. இருவருக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் கொழும்பிலுள்ள ஒரு பரிசோதனைக் கம்பனி எனக்குச் சம்பளம் தருகிறது. யாருக்காவது யார்மேலாவது சந்தேகம் வந்தால்தான் என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் நான் கேற்றுக்குள் நுழையும்போதே அங்கே பாதிச் சண்டை நடந்து முடிந்திருக்கும்.

கண்டி மாவட்டத்துக்கு நான் ஒருத்திதான். பெற்றோல் நிரப்பும் செட்டுகளின் நிலத்தடித் தாங்கிகள், ஆஸ்பத்திரிக் கொதிகலனுக்கு வரும் கறுப்பு எண்ணெய், பெயின்ற் தொழிற்சாலைக்கு வரும் தின்னர், தேயிலைத் தொழிற்சாலைகளின் ஜெனரேட்டர் டீசல், இவற்றோடு எண்ணெய் ஏற்றிவரும் பவுசர் லொறிகள். பெண்ணொருத்தி காற்சட்டை போட்டுக்கொண்டு பவுசரின் முதுகில் ஏறுவதைப் பார்க்க முதல் வருடம் கூட்டம் கூடியது. இப்போது கூடுவதில்லை. எனக்கு நாற்பத்தொரு வயதாகிவிட்டது, வேடிக்கை பார்த்தவர்களுக்கும் அலுத்துப் போயிருக்கும்.

குடியிருப்பது பிலிமத்தலாவையில், கண்டி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில், ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் தம்பதியின் வீட்டுக்குப் பின்னாலுள்ள அனெக்ஸில். ஒரு அறை, ஒரு அலுமாரி, ஒரு காஸ் அடுப்பு. அம்மாவும் அப்பாவும் போனபிறகு நான் பிறந்த பன்விலையில் எங்களுக்கென்று வீடு இல்லை. தம்பி கட்டாரில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவன் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்துவிடுவான்.

டீசல் வாசம் லேசில் போகாது. சவர்க்காரம், தேசிக்காய், கடலைமா எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். மாலையில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காருபவர்கள் இரண்டு தரிப்பு தாண்டுவதற்குள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து வேறிடம் போவார்கள். கூட்டமான பஸ்ஸிலும் எனக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும் என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவன் சிரிக்கவில்லை. வேறு வேலை தேடு என்றான்.

என் பையில் ஐந்தாறு சாமான்கள்தான். வெப்பமானி, அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழல், மாதிரி எடுக்கும் போத்தல்கள், எண்ணெய் தொட்ட இடத்தில் நிறம் மாறும் பசை ஒரு டியூப், பிறகு டேப். இந்த டேப் தையல்காரரின் டேப் போன்றதல்ல. உருக்கில் செய்தது. நுனியில் கைவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குண்டு தொங்கும். இரும்பு இரும்பில் உரசினால் பொறி பறக்கும் என்பதால் பித்தளை. தாங்கியின் வாய் வழியாகக் குண்டை இறக்கி, அது அடியைத் தொட்டதும் மேலே இழுத்து, எண்ணெய் எந்தக் கோடு வரை நனைத்திருக்கிறது என்று பார்ப்போம். அளவு குண்டின் நுனியிலிருந்தே தொடங்கும். அதாவது குண்டும் டேப்பின் ஒரு பகுதி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்துபோனது இதைத்தான்.

போன வருடம் மழைக்காலத்துக்குச் சற்று முன்பு அந்தக் குண்டின் கழுத்தில், டேப்பில் கொளுவும் வளையத்துக்குக் கீழே, ஒரு வெடிப்பைக் கண்டேன். தாங்கிக்குள் அறுந்து விழுந்தால் பெரிய தலையிடி. புதுக் குண்டு வேண்டுமென்றால் கொழும்புக்கு எழுத வேண்டும், அவர்கள் வெளிநாட்டுக்கு எழுத வேண்டும், அது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வேலைக்குப் போக முடியாது. நான் இருப்பதோ பிலிமத்தலாவையில். ரோட்டின் இரண்டு பக்கமும் பித்தளைக் கடைகள். குத்துவிளக்கும் யானையும் வார்க்கிறவனுக்கு இந்தக் குண்டு எம்மாத்திரம் என்று நினைத்தேன். வெளியே செய்த குண்டைக் கொளுவக்கூடாது என்பது சட்டம். அதையும் தெரிந்துகொண்டுதான் போனேன்.

பட்டறைக்காரர் சிங்களவர், வாயில் வெற்றிலையோடு சிரிக்கும் மனிதர். குண்டைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு மூன்று நாளில் வாருங்கள் என்றார். மூன்றாம் நாள் பளபளவென்று ஒன்றை நீட்டினார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தேன், ஒன்றுபோலத்தான் இருந்தது. நுனியிலிருந்து வளையம் வரை நீளத்தை அளந்து பார்க்கத் தோன்றவில்லை. அளப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருத்திக்கு அது தோன்றவில்லை என்றால் யாரிடம் போய் முறையிடுவது? பழையதை அலுமாரியில் போட்டுவிட்டு, புதியதை டேப்பில் கொளுவினேன்.

இங்கே தேநீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைநாட்டில் ஒரு இடத்துக்குப் போனால் முதலில் வருவது தேநீர்தான், பேச்சு அதற்குப் பிறகுதான். சண்டை போட வந்தவனுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குடித்தேன். ஒரு செட்டில் குடித்துவிட்டு, வந்த எண்ணெய் குறைவு என்று எழுதிக் கொடுத்தபோது, எதிர்த் தரப்பு ஆள் எல்லோர் முன்னாலும், "டீ ஊத்தினவங்களுக்கு எழுதித் தந்துட்டீங்க" என்றார். அன்றிலிருந்து வேலை இடத்தில் பச்சைத் தண்ணீரும் தொடுவதில்லை. என் பிளாஸ்க், என் மூடிக் கோப்பை, ஒரு ஓரத்தில் என் கதிரை. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தமிழ் ஆட்களோடு தமிழில் பேசினால் உறவு கொண்டாட வந்துவிடுவார்கள் என்று, வேலை இடத்தில் யாரோடும் சிங்களத்தில்தான் பேசுவேன். கம்பனி சொல்லாத விதி இது, நானே போட்டுக்கொண்டது. நேர்மை என்று இதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

அலவத்துகொடையில் ஒரு பெற்றோல் செட். நடத்துபவரை எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். கொஞ்ச காலமாகத் தனக்கு வரும் பெற்றோல் குறைகிறது என்று அவருக்குச் சந்தேகம். அடுத்த பவுசர் வரும்போது அளந்து தரும்படி எங்கள் கம்பனிக்கு எழுதியிருந்தார். புதுக் குண்டு கொளுவி நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

பவுசர் வந்தபோது தூறல். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டையின் பொத்தான் கழுத்து வரை போட்டிருந்தது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சில்லுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, நான் கேட்காமலே ஒரு பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு என் பின்னால் ஏறினார். மூடியைத் திறந்தால் மழைநீர் உள்ளே போகும் அல்லவா. தன் தலை நனைய நனைய, குடையைத் தாங்கியின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை தெரிந்தவர்.

"மிஸ் நம்ம பன்வில பக்கம்னு சொன்னாங்க. எந்தத் தோட்டம்ங்க?" என்று கேட்டார்.

நான் சிங்களத்தில், சீல் நம்பர்களை வாசியுங்கள் என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிங்களத்திலேயே நம்பர்களை வாசித்தார். ஒரு சீலும் உடைந்திருக்கவில்லை.

பவுசருக்குள் நான்கு அறைகள். ஒவ்வொரு அறையின் முழு உயரமும் வாயருகே ஒரு தகட்டில் வெட்டியிருக்கும். குண்டு அடியைத் தொட்டதும் டேப் அந்த எண்ணைக் காட்ட வேண்டும். காட்டினால் டேப் சரி, தாங்கியும் சரி, மேற்கொண்டு எண்ணெயை அளக்கலாம். இதுதான் முதல் வேலை. ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு அறையிலும் செய்ய வேண்டும். எத்தனையோ வருடமாகச் செய்து, ஒரு தடவையும் அது மாறி நான் கண்டதில்லை. அன்று மழை வேறு. பக்கத்தில் நிற்கும் மனிதர் இன்னும் ஏதாவது உறவு கேட்டுவிடுவாரோ என்ற எரிச்சல் வேறு. டேப்பைப் பார்க்காமல், தகட்டிலிருந்த எண்ணைப் பார்த்து நாலு கட்டத்திலும் எழுதிவிட்டேன். எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒருநாளாவது இதைச் செய்திருப்பார்கள். ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு எண்ணெயை அளந்தேன். முதல் அறையில் குறைந்தது. இரண்டாவதிலும் குறைந்தது. மூன்றிலும் நாலிலும் அதே அளவு, ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம். பவுசரின் அகலத்துக்கும் நீளத்துக்கும் அந்த நகம் நூறு லீற்றருக்கு மேல் வந்துவிடும். கொழும்புச் சூட்டில் ஏற்றிய எண்ணெய் கண்டிக் குளிரில் கொஞ்சம் சுருங்கும், அதையும் பார்த்துக் கழித்தேன். அப்படியும் குறைதான்.

நான் கீழே இறங்கி, செட்டின் ஓரத்தில் கதிரையில் உட்கார்ந்து தாளை நிரப்பிக்கொண்டிருந்தபோது டிரைவர் வந்தார். கையில் ஒரு கிளாஸ் பிளேன்டி, மேலே சோசர் மூடியிருந்தது. சட்டை தோள் வரை நனைந்திருந்தது.

"மிஸ், இத குடிங்க. ஒரு நிமிசம்..."

நான் தலை நிமிரவில்லை. வேலை நேரத்தில் தேநீர் குடிப்பதில்லை, அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கிளாஸை ஒரு எண்ணெய் பீப்பாவின் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் எழுதி முடித்து எழும்பும்போது அது ஆறிப்போய், சோசர் மேல் இலையான்கள் மொய்த்திருந்தன.

குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஹாஜியார் டிரைவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் ஏசினார். பவுசர் சொந்தக்காரர் கண்டியில் இருந்தார். சீல் உடையவில்லையே என்று யாரோ போனில் சொன்னதற்கு, சீல் உடையாமல் எடுக்கும் வித்தை ஆயிரம் இருக்கிறது என்றாராம். அந்தக் கிழமையே டிரைவரை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எண்ணெய் திருடினவன் என்று பெயர் வந்தபின் இந்தப் பக்கத்தில் யாரும் பவுசரைக் கையில் கொடுக்கமாட்டார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஊர்க்காரர் என்றும் பார்க்காமல் எழுதினேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.

அடுத்த ஐந்து வாரமும் நிலத்தடித் தாங்கி வேலைகள்தான் வந்தன. அதில் எண்ணெய் இறக்குமுன் ஒருமுறை அளப்போம், இறக்கியபின் ஒருமுறை அளப்போம், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்போம். டேப்பில் பிழையிருந்தால் இரண்டிலும் இருக்கும், கழிக்கும்போது காணாமல் போய்விடும். அதனால் எனக்கு ஒன்றும் தெரியவரவில்லை.

ஆறாம் வாரம் பிலிமத்தலாவையிலேயே ஒரு செட்டில் பவுசர் ஒன்றை அளக்கும் வேலை. நல்ல வெயில், அவசரம் ஒன்றுமில்லை. குண்டை இறக்கி அடியைத் தொட்டதும் டேப்பைப் பார்த்தேன். தகட்டிலுள்ளதைவிடக் குறைவாகக் காட்டியது. அடுத்த அறையிலும் அதே குறை. சுண்டுவிரல் நகத்தின் அகலம்.

பவுசரின் முதுகில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தகரம் சுட்டது. கீழே செட்டுக்காரர் என்ன மிஸ், தலை சுத்துதா என்று கேட்டார். நாலு அறையிலும் ஒரே அளவு குறைந்தால் அது திருட்டாக இருக்க முடியாது. திருடுகிறவன் ஒரு அறையில் கையை வைப்பான், நகம் நகமாக நாலிலும் அளந்து எடுத்துக்கொண்டிருக்க மாட்டான். இது எங்கள் தொழிலில் முதல் மாதமே சொல்லித் தருவது. அன்று அலவத்துகொடையில் அந்த நாலு எண்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அந்த வேலையை முடிக்க முடியாது என்று சொல்லிவிட்டு அனெக்ஸுக்கு வந்தேன். அலுமாரியிலிருந்து பழைய குண்டை எடுத்துப் புதியதன் பக்கத்தில் மேசையில் வைத்தேன். உடம்பு இரண்டும் ஒன்றுபோல. கழுத்து மட்டும் புதியதில் நீளம். கழுத்து நீண்ட அளவுக்கு டேப் மேலே ஏறிப்போய்க் குறைத்துக் காட்டியிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அந்த மனிதர் சந்தோஷமாக வரவேற்றார். பழையதில் கழுத்துத்தானே வெடித்தது, அதனால் அதைக் கொஞ்சம் நீட்டி, பலமாக வைத்தேன், இனி உங்கள் காலத்துக்கும் உடையாது என்றார். என்மேல் இரக்கப்பட்டு, தனிக் கூலி வாங்காமல் செய்த வேலையாம். அவரை என்ன சொல்வது? நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நாலு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். அறைக்குள் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது. குண்டை மாற்றிவிட்டால் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. சொன்னால், அந்த ஆறு வாரத்தில் நான் கையெழுத்திட்ட எல்லாத் தாள்களையும் தோண்டி எடுப்பார்கள், வேலையும் போகலாம். எனக்கு இந்த வேலையைத் தவிர வேறொன்றும் இல்லை. பேச ஆளில்லாத குறையை வேலையை வைத்துத்தான் இத்தனை வருடம் மூடி வைத்திருந்தேன். அந்த நாலு நாளில் என்னை விசாரித்தது வீட்டுக்கார அம்மா மட்டும்தான். அவரும் தண்ணீர் மோட்டரைப் போட்டுவிடட்டுமா என்று கேட்கத்தான் வந்தார். தம்பிக்குச் சொல்லலாம் என்று வெள்ளிக்கிழமை காத்திருந்தேன். அவன் எடுத்தபோது பிள்ளைகளின் சத்தம் பெரிதாக இருந்தது, நான் சொல்லவில்லை.

கண்ணை மூடினால் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கைதான் வந்தது. நான் அளக்கும் தாங்கிக்குள் ஒரு சொட்டு மழை விழக்கூடாது என்று நின்ற மனிதரைத் திருடன் என்று எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதி, இரண்டு குண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, கொழும்புக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலையிலேயே எங்கள் கம்பனிப் பெரியவர் போன் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கடுமையான மனிதர், ஆனால் ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை.

"ஓம், வாசிச்சனான். இதை ஏன் எழுத்தில போட்டனீர்? டேப்பை அனுப்பியிருந்தா நான் குண்டை மாத்தித் தந்திருப்பன், அலுவல் முடிஞ்சுது."

"அந்த டிரைவருக்கு வேலை போயிருச்சு சேர்."

"உமக்கும் போகும்."

போனில் கொழும்பு வாகனங்களின் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. எழுதினது எழுதினதுதான். இனி நான் பார்க்காத மாதிரி இருக்க ஏலாது. பழைய அறிக்கை பிழையெண்டு புதுசு ஒண்டு அனுப்புறன், நீரே கொண்டுபோய்க் குடும்."

எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. மூன்று மாதம் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். வேலை போகவில்லை. திருத்திய அறிக்கையோடு முதலில் அலவத்துகொடைக்குப் போனேன். ஹாஜியார் இரண்டு தடவை வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நானும் அந்த மனுஷன வாய்க்கு வந்தபடி ஏசிட்டேனே மிஸ். அல்லாஹ் மன்னிக்கோணும்." தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "பவுசர்காரரோட நானே பேசுறேன்" என்றார்.

பேசினார். பவுசர் சொந்தக்காரர், அறிக்கையைப் பார்த்தபின், அடுத்த கிழமையிலிருந்து வரச்சொல்லுங்கள் என்று ஒத்துக்கொண்டார். இதை டிரைவருக்கு யார் சொல்வது என்று ஹாஜியார் கேட்டபோது நான் சொல்கிறேன் என்றேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் குளித்து, சேலை உடுத்தி, வத்தேகம வழியாகப் பன்விலை பஸ்ஸில் போனேன். டிரைவரின் வீடு தோட்டத்து லயத்துக்கு மேலே, புதிதாகக் கட்டிக்கொடுத்த சின்ன வீடுகளில் ஒன்று. அவர் வாசலில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு கதிரையை எடுத்துவந்து போட்டார். அவர் நின்றார்.

நான் தமிழில் பேசினேன். அவரோடு நான் பேசிய முதல் தமிழ் அதுதான். குண்டு, கழுத்து, தகடு, நான் பார்க்காமல் எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். அடுத்த கிழமை வேலைக்குப் போகலாம் என்று சொல்லி அறிக்கையைக் கொடுத்தேன். அவர் அதைத் தூரத்தில் பிடித்து மெதுவாக வாசித்தார். இந்த ஒன்றரை மாதத்தில் அவர் வீட்டில் என்ன நடந்ததென்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

வாசித்து முடித்துத் தாளை மடித்தார்.

"அன்னைக்கே நெனச்சேன் மிஸ்."

"எத?"

"கொட புடிச்சிக்கிட்டு நின்னேன்ல. குண்டு புதுசா மினுங்குச்சு. இருபது வருசமா இந்தக் குண்டுகளப் பாத்துக்கிட்டு இருக்கேன், இம்புட்டு நீளக் கழுத்து நான் பாத்ததில்ல. நாலு அறையிலயும் ஒரே மாதிரி கொறையவும், டேப்புதான்னு முடிவு பண்ணிட்டேன்."

"பிறகு ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் ஒன்றும் தெரியவில்லை.

"சொல்லத்தான் வந்தேன். சும்மா கைய வீசிக்கிட்டு வந்து ஒங்க டேப்பு பிழைன்னு சொன்னா அதிகாரிக்குக் கோவம் வரும்ல. அதான் ஒரு டீய வாங்கிக்கிட்டு வந்தேன்."

பீப்பாவின் மேலிருந்த கிளாஸும் அதன் சோசரும்தான் கண்முன் வந்தன. ஒரு நிமிடம் என்றுதான் கேட்டார். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்திருந்தால், நான் திரும்பவும் மேலே ஏறிக் குண்டை இறக்கிப் பார்த்திருப்பேன். இந்தக் கதையே இல்லை.

அதற்குள் அவர் மனைவி கதவருகே வந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கையில் தேநீர் கிளாஸ் ஒன்று, கழுவிய ஈரத்தோடு இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"டீ ஊத்தவா?" என்று கணவரிடம் கேட்டார்.

"வேணாம்மா. மிஸ் வெளியில குடிக்க மாட்டாங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. என் விதியைத் தெரிந்த ஒருவர், எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று எனக்காகச் சொன்னது அது. நான் இன்று வேலைக்கு வரவில்லை, குடிக்கிறேன் அண்ணே என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவருடைய ஒன்றரை மாதத்தைப் பறித்துக்கொண்ட நான், அவர் அடுப்படியிலிருந்து எனக்கு ஒரு கிளாஸ் கொடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அந்த அம்மா கிளாஸை உள்ளே கொண்டுபோய் வைத்த சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்ததும் கேட்டது. போய்வருகிறேன் என்று எழுந்தேன். அவர் ரோடு வரை வந்து, பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

சொன்னபடி அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இரண்டு தடவை வழியில் அவருடைய பவுசரைக் கண்டேன், ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் நான் வேலை இடத்தில் தமிழில் பேசுகிறேன், தகட்டைப் பார்ப்பதற்கு முன் டேப்பைப் பார்க்கிறேன். தேநீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்கலாம் என்றும் இருக்கிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் எல்லாச் செட்டுகளுக்கும் என் பழக்கம் தெரிந்துவிட்டது, யாரும் கொடுப்பதில்லை.

அன்று பன்விலையிலிருந்து திரும்பிய பஸ்ஸில் நல்ல கூட்டம். வத்தேகமவில் இன்னும் பலர் ஏறினார்கள். கண்டி வரை என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்தேன். டீசல் இல்லை, சவர்க்கார வாசம்தான் இருந்தது.